பழைய கேஸ் ஷீட்டுகளின் சாட்சியம்

1966 முதல் 1969 வரையிலான நான்கு ஆண்டுகளில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு ஏழு இளம்பெண்கள் ஒரே நோயோடு வந்தார்கள். பிறப்புறுப்பின் உட்சுவரில் தோன்றும் புற்று. அந்த இடத்துப் புற்று பொதுவாக ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வருவது. அதிலும் இவர்களுக்கு வந்த வகை மிக அரிது. இவர்களில் யாருக்கும் வயது 22ஐத் தாண்டவில்லை. அதே ஊரில் வேறொரு மருத்துவமனையில் எட்டாவதாக ஒரு பெண்ணும் கண்டறியப்பட்டாள். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி செய்ய முடியும் என்று கைகழுவியிருக்கலாம். ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவருடைய சகாக்களும் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு பேர் வீதம், அதே மருத்துவமனையில் ஏறத்தாழ அதே நாட்களில் பிறந்த 32 பெண்களைத் தேடிப் பிடித்தார்கள். நாற்பது தாய்மார்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள்: கர்ப்பமாக இருந்தபோது புகைபிடித்தீர்களா, எக்ஸ்ரே எடுத்தீர்களா, ரத்தப்போக்கு இருந்ததா, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தீர்களா.

மருந்துப் பக்கமாக அவர்கள் கவனத்தைத் திருப்பியது நோயாளி ஒருத்தியின் தாய். கர்ப்பம் கலையாமல் இருக்கத் தான் சாப்பிட்ட மாத்திரை காரணமாக இருக்குமோ என்று அந்த அம்மா கேட்டிருந்தார். அந்த மாத்திரையின் பெயர் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ். எட்டுத் தாய்மார்களில் ஏழு பேர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த 32 பேரில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. 1971 ஏப்ரலில் கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் கர்ப்பிணிகளுக்கு அம்மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது.

இன்னொரு செய்தியையும் சேர்த்தால்தான் இந்தக் கதை முழுமை பெறும். 1953இலேயே சிகாகோவில் 1,600க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு டி.இ.எஸ்., மறுபிரிவுக்கு வெற்று மாத்திரை கொடுத்துச் சோதித்திருந்தார்கள். கருச்சிதைவை அந்த மருந்து தடுக்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆக, மருந்தால் பயனில்லை என்று சொன்னது முன்கூட்டியே திட்டமிட்ட சோதனை. மருந்தால் கேடு என்று சொன்னது, எல்லாம் நடந்து முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பிப் பார்த்த ஆய்வு. இந்த வேலைப் பிரிவினையைப் புரிந்துகொண்டால், மருத்துவத்தின் எல்லாத் துறைகளிலும் நடக்கும் பின்னோக்கு ஆய்வுகளை எப்போது நம்பலாம், எப்போது தயங்க வேண்டும் என்பதில் பெரும்பகுதி தெளிந்துவிடும் என்று கருதுகிறேன்.

டாக்டர்கள் ‘ரெட்ராஸ்பெக்டிவ் ஸ்டடி’ என்று சொல்வது இதைத்தான். சிகிச்சை முடிந்திருக்கும், நோயாளி பிழைத்தோ இறந்தோ இருப்பார், கேஸ் ஷீட் ரெக்கார்டு அறைக்குப் போயிருக்கும். கேள்வி அதற்குப் பிறகுதான் பிறக்கும். நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் எடுத்துக்கொண்டு அவர்களுடைய கடந்த காலத்தைத் துழாவுவது ஒரு வழி. பாஸ்டனில் நடந்தது அது. ஒரு சிகிச்சை பெற்றவர்கள், பெறாதவர்கள் என்று பழைய பதிவுகளைப் பிரித்து, இரு தரப்புக்கும் பின்னால் என்ன ஆயிற்று என்று பார்ப்பது இன்னொரு வழி. செலவு குறைவு, காத்திருக்க வேண்டியதில்லை, அரிய நோய்களுக்கு வேறு வழியே இல்லை. மருத்துவ மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வேடுகளில் இவ்வகை ஏராளமாக இருப்பதற்கும் இவையே காரணம்.

இதன் வேர்கள் ஆழமானவை. வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் கைகழுவச் சொன்னதை எல்லோரும் அறிவோம். அவர் பழைய பிரசவப் பேரேடுகளோடு மல்லுக்கட்டியதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1841 முதல் 1846 வரை, மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த முதல் பிரிவில் 20,042 பிரசவங்களுக்கு 1,989 தாய்மார்கள் இறந்திருந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் 17,791 பிரசவங்களுக்கு 691 பேர். அவர் அதோடு நிற்காமல் 1784 வரை பின்னே போனார். சவப் பரிசோதனை அங்கே பாடமுறையாக வேரூன்றிய 1823க்குப் பிறகுதான் சாவு எண்ணிக்கை ஏறியிருந்தது. 1847இல் குளோரின் கரைசலில் கைகழுவும் விதி வந்தபின் அது இறங்கியது. கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலத்தில், பேரேட்டின் பழைய பக்கங்களே அவருக்குப் பெரிய ஆதாரம்.

கண் மருத்துவத்தில் இதற்கு இணையானது சிட்னியில் நடந்தது. 1941இல் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு வரும் குழந்தைகள் திடீரென்று கூடியிருப்பதைக் கவனித்தார். அவருடைய காத்திருப்பு அறையில் இரண்டு தாய்மார்கள், கர்ப்பமாக இருந்தபோது தங்களுக்கு ஜெர்மன் மணல்வாரி என்ற ரூபெல்லா வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது என்பார்கள். தன்னிடமும் சக மருத்துவர்களிடமும் வந்த 78 குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்ததில் 68 பேர் கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்த நோய் கண்டிருந்ததாகச் சொன்னார்கள். சில நாள் காய்ச்சலும் தடிப்பும் தந்து போய்விடும் ரூபெல்லா, வயிற்றுக் குழந்தையைக் குருடாக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த நோய் கருவின் செவியையும் கெடுக்கும் என்று தெரியவந்தபின், ஆலிவர் லான்காஸ்டர் என்ற புள்ளியியலாளர் ஆஸ்திரேலியாவின் பழைய மக்கள்தொகைக் கணக்குகளை எடுத்து, காது கேளாதவர்கள் எந்த ஆண்டுகளில் அதிகமாகப் பிறந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். ரூபெல்லா பரவிய காலங்களோடு அந்த ஆண்டுகள் பொருந்தின. எந்த நோயையும் மனதில் வைத்து எடுக்கப்படாத கணக்கு, கிரெக்குக்குச் சாட்சி சொன்னது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்கள் சிலவற்றிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது பெற்றோர் பலர் தயங்கினார்கள். அந்த ஊசிக்குப் பின்னால் சிட்னித் தாய்மார்களின் வாக்குமூலம் இருப்பதை யாரேனும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெல்பர்னில் கேட் கேம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர் 1951இல் செய்தது இன்னும் எளிமையான காரியம். குறைப்பிரசவக் குழந்தைகள் பார்வை இழப்பதற்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுப்பது காரணமாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்த இடத்தையும் கட்டுப்பாட்டோடு கொடுத்த இடங்களையும் ஒப்பிட்டார். தாராளமாகக் கொடுத்த இடத்தில் குருடு அதிகம். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனை அதை உறுதிசெய்தது. உடனே எல்லா இடங்களிலும் ஆக்சிஜனைக் குறைத்தார்கள். அதன் விலையைக் கண்டுபிடித்ததும் ஒரு பின்னோக்கு ஆய்வுதான். ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்றிய கணக்கில் ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று 1973இல் பிரிட்டனின் கென்னத் கிராஸ் இறப்புப் பதிவுகளிலிருந்து மதிப்பிட்டார். கண்ணை மட்டும் கேட்டவர்களுக்குக் கண்ணைப் பற்றி மட்டுமே பதில் கிடைத்தது. உயிரைப் பற்றிக் கேட்க இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன.

புகையிலையைத் தொடாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 1950இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டனின் இருபது மருத்துவமனைகளில் நுரையீரல் புற்று கண்ட 649 ஆண்களையும், வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த அதே வயதுடைய 649 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். புற்று வந்தவர்களில் புகைக்காதவர்கள் இரண்டே பேர். மற்றவர்களில் 27 பேர். தொடக்கத்தில் டாலின் சந்தேகம் கார் புகை மீதும் சாலைத் தார் மீதும்தான் இருந்தது. ஆய்வு பாதி நடக்கும்போதே தன் சிகரெட்டை விட்டுவிட்டார். இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்வது அந்த எண்ணிக்கைகளைவிட, ஆட்சேபத்தை அவர்கள் எதிர்கொண்ட விதம். தனக்கு நுரையீரல் புற்று என்று தெரிந்த மனிதன் பழியைச் சிகரெட் மேல் போட்டு, குடித்ததைவிடக் கூடுதலாகச் சொல்லமாட்டானா? விசாரிப்பவரும் அவனைத் துருவித் துருவிக் கேட்கமாட்டாரா? நியாயமான கேள்வி. நுரையீரல் புற்று என்று முதலில் கருதப்பட்டு, பேட்டியும் முடிந்தபின், அது புற்று இல்லை என்று தெரியவந்த நோயாளிகள் சிலர் அவர்களிடம் இருந்தார்கள். அவர்களுடைய பதில்களைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். புகைப்பழக்கத்தில் அவர்கள் புற்று இல்லாதவர்களோடுதான் ஒத்துப்போனார்கள். நினைவு பொய் சொல்லியிருந்தால் இவர்களும் பொய் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நல்ல பின்னோக்கு ஆய்வுக்கு இலக்கணம் எது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு பத்தியைத்தான் காட்டுவேன்.

அதே முறை அரை நூற்றாண்டுக்குப் பின் சென்னைக்கு வந்தது. வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சகாக்களும் 2003இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. 1990களின் பிற்பகுதியில் நோயால் இறந்த ஆண்கள் ஏறக்குறைய 43,000 பேர்: நகரத்தில் 27,000, கிராமப்புறத்தில் 16,000. ஒப்பீட்டுக்கு உயிரோடிருந்த 35,000 ஆண்கள். இறந்தவரைக் கேட்க முடியாது. வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். களப்பணியாளர்கள் வீடுவீடாகப் போய், எப்படி இறந்தார், கடைசி நாட்களில் என்னென்ன உபாதை, புகைத்தாரா, சிகரெட்டா பீடியா என்று கேட்டு எழுதினார்கள். இதை வாய்மொழி இறப்பாய்வு என்பார்கள். நகரத்தில் சிகரெட்டும் கிராமத்தில் பீடியும் மிகுதி.

மேலைநாட்டு அனுபவத்தை வைத்துப் பார்த்தால் நுரையீரல் புற்றும் மாரடைப்பும்தான் முன்னே நின்றிருக்க வேண்டும். இங்கே பெரிதாக எழுந்து நின்றது காசநோய். நகரத்தில் 25 முதல் 69 வயது வரையிலான ஆண்களில், புகைக்காதவர்களைவிடப் புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது நாலரை மடங்கு. இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகையே காரணம் என்ற முடிவுக்கு ஆசிரியர்கள் வந்தார்கள். இன்றைய மேலைநாட்டு ஆய்வு ஒன்றில் இது இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது, ஏனென்றால் காசநோய்க் கிருமி இங்கே கோடிக்கணக்கானவர்களின் உடம்பில் அடங்கிக் கிடப்பதுபோல் இன்று அங்கே இல்லை. எந்த ஊரில் கேள்வி கேட்கிறோம் என்பது எந்தக் கேள்வி என்பதைப் போலவே முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. காசநோய் ஒழிப்பைப் பேசும் ஒவ்வொரு மேடையிலும் பீடிக் கட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்று இந்த ஆய்வு வந்த நாளிலிருந்து சொல்ல முடியும். பேசுவது மிகக் குறைவாகவே இருக்கிறது என்பது வருத்தம்.

கண்டுபிடித்ததைத் தொகுத்துப் பார்க்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குக் குழந்தை மருத்துவத்தில் ஒரு கொடிய சான்று உண்டு. மேலை நாடுகளில் தொட்டிலில் தூங்கிய குழந்தை காரணம் தெரியாமல் இறந்துகிடப்பது பெருந்துயரமாக இருந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து, குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொல்லும் ஆலோசனை அங்கே பரவியது. பெஞ்சமின் ஸ்பாக்கின் புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூலும் அப்படிச் சொன்னது. ஹாங்காங்கில் குழந்தைகளை மல்லாத்திப் படுக்கவைப்பார்கள், அங்கே இத்தகைய சாவு அரிது என்று 1985இல் ஒரு மருத்துவர் எழுதினார். இறந்த குழந்தைகளையும் உயிரோடிருக்கும் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பிரிட்டனிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தன. 1991இல் பிரிட்டன், குழந்தையை மல்லாத்திப் படுக்கவையுங்கள் என்று பிரச்சாரம் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் அந்தச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2005இல் ரூத் கில்பர்ட் குழுவினர் பழைய ஆய்வுகளையெல்லாம் காலவரிசைப்படி அடுக்கிக் கணக்குப் போட்டார்கள். 1970இலேயே, அப்போது கையிலிருந்த ஆய்வுகளை யாராவது ஒன்றுசேர்த்திருந்தால், குப்புறப் படுப்பது ஆபத்து என்று தெரிந்திருக்கும். தாமதத்தின் விலையாகப் பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளைச் சேர்த்தால் குறைந்தது 50,000.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை எதிர்பாராத கேட்டைக் கண்டுபிடித்தவை என்பதைக் கவனிக்கலாம். நெதர்லாந்தின் நோய்ப்பரவியல் அறிஞர் யான் வாண்டென்ப்ரூக்கே 2004இல் இதன் காரணத்தைத் தெளிவாக விளக்கினார். டி.இ.எஸ். எழுதிக்கொடுத்த மருத்துவர், இருபது ஆண்டு கழித்து மகளுக்குப் புற்று வருமா என்று யோசித்து எழுதவில்லை. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்ற முடிவுக்கும் பின்னால் வந்த கேட்டுக்கும் முன்தொடர்பு கிடையாது. ஆகவே ஒப்பீடு ஓரளவு நேர்மையாகவே அமைகிறது. சிகிச்சையின் நன்மையை அளக்கப் போகும்போது நிலைமை தலைகீழ். எந்த நோயாளி தாங்குவார், யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துத்தான் நல்ல மருத்துவர் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த அக்கறையே பின்னாளில் ஒப்பீட்டைக் கெடுக்கிறது.

சிறுநீரகக் கல் பற்றி 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை இதற்குப் பாடமாகவே ஆகிவிட்டது. திறந்து செய்த அறுவையில் 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, அதாவது 78 சதவீதம். முதுகில் துளையிட்டுக் கல்லை எடுக்கும் புதிய முறையில் 350க்கு 289, 83 சதவீதம். புதிய முறையே மேல் என்று தோன்றும். கல்லின் அளவைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த கற்களில் திறந்த அறுவைக்கு 93 சதவீதம், துளை முறைக்கு 87. பெரிய கற்களில் 73க்கு 69. இரண்டு வகையிலும் பழைய முறை முன்னே நிற்கிறது. கூட்டினால் பின்னே போகிறது. திறந்த அறுவை செய்துகொண்டவர்களில் 263 பேருக்குப் பெரிய கல். துளை முறையில் 270 பேருக்குச் சிறிய கல். எளிய கற்கள் ஒரு பக்கம் குவிந்துவிட்டன, அவ்வளவுதான். இங்கே கல்லின் அளவு கேஸ் ஷீட்டில் இருந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது. நோயாளியின் உடல்வாகு, வீட்டின் வசதி, மருத்துவர் மனதில் ஓடிய தயக்கம் இவையெல்லாம் எந்தத் தாளிலும் இருப்பதில்லை.

காலத்தைக் கணக்கிடுவதிலும் குழி உண்டு. ஸ்டான்ஃபோர்டில் இதய மாற்று அறுவை தொடங்கிய முதல் ஆண்டுகளில், மாற்று இதயம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று 1971இல் ஒரு கட்டுரை வந்தது. மிட்செல் கெய்ல் என்ற புள்ளியியலாளர் அடுத்த ஆண்டே அதன் ஓட்டையைக் காட்டினார். இதயத்துக்குக் காத்திருக்கும்போதே இறந்துபோனவர்கள் எல்லாம் ‘பெறாதவர்கள்’ கணக்கில் விழுந்துவிடுகிறார்கள். அறுவை நாள்வரை பிழைத்திருந்தவருக்கே மாற்று இதயம் கிடைக்கும் என்பதால், அவர் காத்திருந்த நாட்களும் அறுவையின் சாதனையாக எண்ணப்பட்டுவிட்டன. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் இதே பிழை இன்றைய ஆய்வேடுகளில் வந்துகொண்டேயிருக்கிறது. ஒப்பீட்டாளர்களைத் தவறாகத் தேர்ந்ததால் காபி மீது பழி விழுந்ததும் உண்டு. கணையப் புற்றுக்கும் காபிக்கும் தொடர்பு என்று 1981இல் சொன்ன ஆய்வில், ஒப்பீட்டுக்கு வந்தவர்களில் கணிசமானவர்கள் வயிற்று உபாதைக்காக ஏற்கெனவே காபியைக் குறைத்துக்கொண்டவர்கள்.

அறுவைத் துறையில் அண்மையில் நடந்த ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். கருப்பைவாய்ப் புற்றின் தொடக்க நிலையில் கருப்பையைச் சுற்றியுள்ள திசுக்களோடு அகற்றும் அறுவையை, வயிற்றைத் திறந்து செய்யாமல் லேப்ராஸ்கோப் மூலமும் ரோபோ மூலமும் செய்யும் வழக்கம் பரவியது. ஒற்றை மருத்துவமனைகளிலிருந்து வந்த சிறிய பின்னோக்கு ஆய்வுகள் பல, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம், புற்று திரும்புவதில் வேறுபாடில்லை என்று சொல்லின. 2018இல் 631 பெண்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்துச் செய்த சர்வதேசச் சோதனையின் முடிவு வந்தது. நாலரை ஆண்டில் புற்று திரும்பாமல் வாழ்ந்தவர்கள், திறந்த அறுவையில் 96.5 சதவீதம், சிறுதுளை அறுவையில் 86 சதவீதம். பின்னோக்கு ஆய்வுகள் பெண்களைக் கைவிட்டன என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே இதழில், அதே நாளில் இன்னொரு கட்டுரையும் வந்தது. அமெரிக்கப் புற்றுநோய்த் தரவுத்தொகுப்பிலிருந்து 2,461 பெண்களின் பதிவுகளை எடுத்துச் செய்த பின்னோக்கு ஆய்வு அது. நான்கு ஆண்டில் இறந்தவர்கள் சிறுதுளைப் பிரிவில் 9.1 சதவீதம், திறந்த அறுவையில் 5.3. சோதனை சொன்னதையே அதுவும் சொன்னது. முந்தைய ஆய்வுகளின் குறை அவை பின்னோக்கியவை என்பதில் மட்டும் இல்லை. அவை சிறியவை, தொடர்ந்து கவனித்த காலம் குறைவு, தாங்கள் கற்றுக்கொண்ட புதிய முறையை மதிப்பிட்டவர்கள் அந்த அறுவை நிபுணர்களே.

பின்னோக்கு ஆய்வு சிகிச்சையின் நன்மையையும் நம்பும்படி காட்டிய இடத்துக்கு நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ்த்தொற்று ஏற்படுவது அபூர்வம். வந்தால் பார்வையே போய்விடலாம். அறுவையின் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் அதைத் தடுக்கலாமா? ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வரும் தொற்றுக்குச் சோதனை நடத்த எத்தனை பேரைச் சேர்ப்பது? ஐரோப்பாவில் வேறொரு மருந்துக்கு 16,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. அரவிந்த் கண் மருத்துவமனைகளின் ஹரிப்பிரியா, ரவீந்திரன் உள்ளிட்ட மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள். மருந்து செலுத்தாத 3,02,815 கண்களில் 214க்குத் தொற்று. செலுத்திய 3,14,638 கண்களில் 64க்கு. மருந்து வழக்கத்துக்கு வந்த காலத்தில் வேறு ஏதாவதும் மாறியிருக்கலாமே என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் ஒரே மருத்துவமனைக் குழுமம், ஒரே பயிற்சி, ஒரே மாதிரியான பதிவேடு, யாருக்கு மருந்து என்பதை நோயாளியின் நிலையை வைத்துப் பொறுக்காமல் எல்லோருக்கும் பொதுவாக்கிய நடைமுறை. கையால் செய்யும் சிறுகீறல் அறுவையிலும் ஃபேக்கோ அறுவையிலும் தொற்று குறைந்தது. சிறுநீரகக் கல் ஆய்வில் நடந்த பொறுக்கல் இங்கே நடக்க இடமில்லை.

பதிவேடு மொத்தச் சமூகத்தையும் தழுவியிருந்தால் அச்சத்தைத் தீர்க்கவும் அது உதவும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி ஆட்டிசத்தைத் தருகிறது என்ற பீதியை 1998இல் கிளப்பிய கட்டுரையில் இருந்தவை 12 குழந்தைகள். 2002இல் டென்மார்க் பதில் சொன்னது. 1991 முதல் 1998 வரை அங்கே பிறந்த 5,37,303 குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவையும் நோய்ப் பதிவையும் குடிமக்கள் எண் வழியாக இணைத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. முதல் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பன்னிரண்டு குழந்தைகளின் அசல் மருத்துவப் பதிவுகளும் கட்டுரையில் எழுதப்பட்டிருந்ததும் ஒத்துப்போகவில்லை என்பதும் வெளிவந்தது.

அசல் பதிவைப் பார்க்கும் உரிமை எவ்வளவு பெரிய காவல் என்பதை 2020இல் உலகமே கண்டது. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகள், 96,032 கொரோனா நோயாளிகள் என்று சொல்லிக்கொண்டு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாவைக் கூட்டுகிறது என்ற ஆய்வு மே 22 அன்று லான்செட்டில் வந்தது. மூன்று நாட்களில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைத்தது. கட்டுரை கணக்கில் எடுத்த காலம் முடியும்வரை ஆஸ்திரேலியாவில் அதிகாரபூர்வமாக 67 பேர்தான் இறந்திருந்தார்கள். கட்டுரையின் கணக்கிலோ 73 பேர். சந்தேகம் கிளம்பியது. தரவைத் தந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் அசல் பதிவுகளைச் சுயேச்சையான தணிக்கையாளர்களுக்குக் காட்டவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்தால் கொரோனாவுக்குப் பயனில்லை என்பதைப் பிறகு முறையான சோதனைகள் நிறுவின. முடிவு சரியான பக்கம் சாய்ந்ததால் மட்டும் ஓர் ஆய்வு உண்மையாகிவிடாது.

அண்மை ஆண்டுகளில் முறையியல் வெகுவாகத் தேறியிருக்கிறது. இத்தகைய ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2007இல் ஸ்ட்ரோப் என்ற நெறிமுறை வந்தது. மிகெல் ஹெர்னானும் ஜேம்ஸ் ராபின்ஸும் 2016இல் ஒரு வழி சொன்னார்கள்: பழைய பதிவைத் திறப்பதற்கு முன், இந்தக் கேள்விக்குச் சோதனை நடத்தியிருந்தால் யாரைச் சேர்த்திருப்போம், எந்த நாளிலிருந்து எண்ணியிருப்போம் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு பதிவுகளை அந்தச் சட்டகத்துக்குள் பொருத்துங்கள். ஸ்டான்ஃபோர்ட் பிழை இந்த ஒரு ஒழுங்கினால் விலகிவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், அடையாளம் நீக்கப்பட்ட பழைய பதிவுகளை ஆராய நோயாளியின் ஒப்புதலை நெறிமுறைக் குழு தள்ளுபடி செய்ய இடம் தருகின்றன. அது பெரிய நம்பிக்கை. தன்னைக் கேட்காமலேயே தன் நோயை ஒருவர் படிக்கிறார் என்றால், படிப்பவர் ஒழுங்காகப் படிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்.

ஒழுங்காகப் படிக்க, ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். நம் ஊரில் புறநோயாளிச் சீட்டு பெரும்பாலும் நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை வரும்போது அது மழையில் நனைந்திருக்கும், அல்லது வேறு மருத்துவமனையில் விட்டுவந்திருப்பார்கள். உள்நோயாளியின் கேஸ் ஷீட்டில் புகையிலைப் பழக்கம் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடிந்துபோகும். பீடியா, எத்தனை ஆண்டாக, வெற்றிலையோடு சேர்த்தா என்பதெல்லாம் இருக்காது. தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதியிருக்கும். கல் உடைத்தவரா, சாயப்பட்டறையில் நின்றவரா, பூச்சிமருந்து தெளித்தவரா? தெரியாது. பத்து ஆண்டு கழித்து ஒருவர் நுரையீரல் நார்த்தடிப்புக்குக் காரணம் தேடிவந்தால் அவருக்குக் கிடைப்பது அந்த ஒரு சொல்தான். இந்தியாவில் நடக்கும் சாவுகளில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிக்கிறார்.

செய்ய முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்துவருகிறது. பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் சாவையும் ஆராயும் தணிக்கையைத் தமிழ்நாடு 1990களிலேயே தொடங்கிவிட்டது; எங்கே தாமதம், ஆம்புலன்ஸ் எப்போது கிளம்பியது, ரத்தம் எப்போது கிடைத்தது என்று வீட்டாரிடமும் ஊழியர்களிடமும் கேட்டு எழுதுகிறார்கள். பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, தன் சிறிய மருத்துவமனையிலிருந்து 1911க்கும் 1916க்கும் இடையே வீடு திரும்பிய 337 நோயாளிகளின் நிலையைத் தொடர்ந்து விசாரித்து, அவர்களுடைய சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளைத் தானே எண்ணி அச்சிட்டு வெளியிட்டார். அவருக்குக் கணினி இல்லை. நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். ஓராண்டு கழித்து என்ன ஆயிற்று என்று எழுத அந்த அட்டையில் இடம் விட்டிருந்தார்.